காசில்லாத கிளப்புக்கு ஆள் பிடிப்பது எப்படி?

2024-ஆம் ஆண்டு பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார்: “பையன் இப்போ எங்கே இருக்கான் சார்?”

“இங்கேதான் இருக்கிறான். கம்ப்யூட்டரில் ஏதோ செய்துகொண்டிருக்கிறான்” என்று சொல்லிவிட்டு, இலையை நீட்டினேன்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெங்களூரில் அவன் பார்த்துவந்த வேலை போய் அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆட்குறைப்பு. நல்ல மதிப்பெண் வாங்கி, நல்ல கம்பெனியில் சேர்ந்தவன், இரண்டு பெட்டிகளுடன் கொல்கத்தா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். பகலில் விண்ணப்பம் அனுப்புவான். இரவில், நாங்கள் படுத்த பிறகு, கம்ப்யூட்டரில் கால்பந்து ஆடுவான். அந்த வெளிச்சம் கதவிடுக்கில் தெரியும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் இரவு பொறுக்கமுடியாமல் உள்ளே போய்விட்டேன். “ராத்திரி ஒரு மணிக்குப் பந்து உதைக்கிற வயசாடா இது?” என்றேன். அவன் கோபப்படவில்லை. “இதுல யாரும் பந்து உதைக்கிறதில்லப்பா. ஆள் எடுக்கிறதுதான் வேலை. நீங்க முப்பது வருஷம் செஞ்ச வேலை. உட்கார்ந்து பாருங்க” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன். அந்த வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. அன்று முதல் ஐந்தாறு மாதம் அந்த நாற்காலியில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இதே ஆட்டத்தை ஆடும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு உதவும். அவர்களைத் திட்டும் பெற்றோருக்கும் கொஞ்சம் உதவலாம்.

இது என்ன ஆட்டம்?

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற மாவட்டத்தைச் சேர்ந்த பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் அண்ணன் தம்பி வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஆட்டம் இது. 1992-இல் ‘சாம்பியன்ஷிப் மானேஜர்’ என்ற பெயரில் வெளிவந்தது. பிறகு அவர்கள் ‘ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பழைய வெளியீட்டாளரிடமிருந்து பிரிந்த பின், 2004 முதல் ‘ஃபுட்பால் மானேஜர்’ என்ற பெயரில் அதே ஆட்டம் வருகிறது.

இதில் நீங்கள் ஒரு கிளப்பின் மானேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, என்ன சம்பளம் கொடுப்பது, சனிக்கிழமை யாரை இறக்குவது என்பதையெல்லாம் நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆடிக் காட்டும். திரை முழுக்கப் பெயர்களும் எண்களும்தான். முதல் பார்வைக்கு எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டர் போலவே இருந்தது.

அந்தப் பெயர்கள் நிஜமானவர்களுடையவை. உலகம் முழுவதும் உள்ள ஆட்கள் தத்தம் ஊர் கிளப்புகளைப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள். 2008-இல் எவர்ட்டன் கிளப்பே தன் ஆள் தேடும் வேலைக்கு இந்தப் பட்டியலைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது என்றால், தகவல் எவ்வளவு விரிவானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி

இங்கிலாந்துக் கால்பந்து ஓர் ஏணி. உச்சியில் 20 கிளப்புகள் கொண்ட பிரீமியர் லீக். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள். ஐந்தாவது படி நேஷனல் லீக். ஆறாவது படியில் அதுவே வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிகிறது. ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்கவேண்டும். ஆட்டத்தில் வழக்கமாகக் கிடைக்கும் கடைசிப் படி இந்த ஆறாவதுதான்.

மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொண்டு கோடிகளைக் கொட்டி ஆள் வாங்குவது யாராலும் முடியும். என் பையன் எடுத்திருந்தது ஆறாம் படியின் வடக்குப் பிரிவில் இருந்த பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் என்ற கிளப். நியூகாசிலுக்கு வடக்கே, கடற்கரையில், ஒரு காலத்தில் நிலக்கரியும் கப்பல் கட்டுவதுமாக வாழ்ந்த சிறிய துறைமுக ஊர் பிளைத். 1978-இல் இந்தக் கிளப் எஃப்.ஏ. கோப்பையில் ஐந்தாம் சுற்று வரை போய்ப் பெரிய பெயர் வாங்கியது.

அந்தப் படியில் ஆடுபவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வாரத்துக்கு இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ஆள் வாங்க எங்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகை? பூஜ்யம். இந்தக் கையிருப்பில்தான் 46 ஆட்டங்களுக்கு ஒரு அணி சேர்க்க வேண்டும்.

கூட்டுத்தொகை என்ற பொறி

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 36 குணங்கள்: பந்தைக் கையாளும் திறமை 14, மனத்திறன் 14, உடல்திறன் 8. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். உலகப் புகழ் பெற்றவர்களுக்கு 17, 18 என்று இருக்கும். எங்கள் படியில் 5, 7, 9 என்று ஓடும். எங்காவது ஒரு 12 தென்பட்டால் அன்று வீட்டில் தீபாவளி.

அனுபவஸ்தன் என்ற மிதப்பில் நான் முதலில் ஓர் ஆளைக் காட்டினேன். எல்லாம் 8, 9. எதிலும் மோசமில்லை. “கூட்டிப்பார், பட்டியலிலேயே இவனுக்குத்தான் அதிகம்” என்றேன். நடுப்பின்களத்தில் ஆட அவரை எடுத்தோம். எட்டு ஆட்டத்தில் பதினேழு கோல் விழுந்தது.

பையன் பொறுமையாக விளக்கினான். நடுப்பின்களத்தில் நிற்பவருக்கு எழும்பிக் குதிக்கும் உயரம், தலையால் அடிப்பது, பலம், நிற்கும் இடம் அறிதல் ஆகிய நான்கும் போதும். அவர் அழகாகக் கார்னர் அடிப்பாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நான்கில் 11 வைத்துக்கொண்டு, மற்றதில் 3, 4 வாங்கிய ஒருவர் கூட்டுத்தொகையில் கடைசியில் கிடப்பார், விலையும் இருக்காது. நமக்கு வேண்டியவர் அவர்தான். அதேபோல முன்களத்தில் வேகம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கீழ்ப்படிகளில் பின்களத்து ஆட்கள் பெரும்பாலும் மெதுவானவர்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில், விண்ணப்பங்கள் மூட்டையாக வரும்போது, மொத்தத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைத் தனியே கட்டி வைத்துவிடுவோம். அந்தக் கட்டை நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. நேரமில்லை என்பது காரணம். அது எனக்கு ஒரு தப்பாகவே பட்டதில்லை, அந்த இரவு வரை.

ஏன் மலிவு?

லேக் மார்க்கெட்டில் இரவு எட்டரை மணிக்குக் காய் வாங்குபவர்களுக்கு இது தெரியும். கத்தரிக்காய் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கடைக்காரர் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். அல்லது, காய்க்குள் புழு. முதல் காரணம் என்றால் பையை நிரப்பலாம்.

ஆட்டக்காரரிலும் இதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும். இவர் ஏன் மலிவாகக் கிடைக்கிறார்? காரணம் தெரிந்து, அது நமக்குப் பாதகமில்லை என்றால் எடுக்கலாம். காரணம் தெரியாவிட்டால் தொடக்கூடாது. பாதகமில்லாத காரணங்கள் கிடைக்கும் இடங்கள் என்று பையன் எனக்குக் காட்டியவை இவை:

முதலாவது, ஒப்பந்தம் முடிந்தவர்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் வழக்கமாக ஜூன் 30-இல் முடியும். ஒப்பந்தம் முடிந்தவரைப் பணம் கொடுக்காமல் எடுக்கலாம். இந்த உரிமைக்கு ஒரு வரலாறு உண்டு. பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மான் என்ற ஆட்டக்காரரின் ஒப்பந்தம் 1990-இல் முடிந்தும், வேறு நாட்டுக் கிளப்புக்குப் போக அவருடைய பழைய கிளப் பணம் கேட்டு வழிமறித்தது. அவர் வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். இங்கிலாந்தில் ஒரு நுணுக்கம்: 24 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பழைய கிளப் புது ஒப்பந்தம் தர முன்வந்திருந்தால் இழப்பீடு கொடுக்கவேண்டும். அதுவே கைவிட்டிருந்தால் ஒரு காசும் வேண்டாம்.

இரண்டாவது, பெரிய கிளப்புகள் கழித்துவிட்ட இளைஞர்கள். எட்டு, ஒன்பது வயதிலேயே சேர்த்துப் பயிற்சி கொடுத்து, 18 வயதிலோ 21 வயதிலோ “நீ போதாது” என்று அனுப்பிவிடுவார்கள். பிரீமியர் லீகுக்குப் போதாதவர் ஆறாம் படிக்கும் போதாதவரா? பத்து வருடப் பயிற்சியை வேறொருவர் செலவில் முடித்துக்கொண்டு வருகிறார். வருடாவருடம் ஜூன், ஜூலையில் இந்தப் பட்டியலை முதலில் பார்ப்பவருக்கே லாபம்.

மூன்றாவது, கடன். பெரிய கிளப் தன் இளைஞர்களை ஆட்ட அனுபவத்துக்காகச் சிறிய கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பும். சம்பளத்தையும் பல சமயம் அதுவே கொடுக்கும். இங்கிலாந்தின் கோல்காப்பாளர் ஜோர்டன் பிக்ஃபோர்ட், சண்டர்லேண்ட் கிளப்பில் இளைஞராக இருந்தபோது டார்லிங்டன், ஆல்ஃபிரட்டன் டவுன் போன்ற கீழ்ப்படிக் கிளப்புகளுக்குக் கடனாகப் போய் ஆடியவர்தான். பிளைத்துக்குப் பக்கத்திலேயே நியூகாசிலும் சண்டர்லேண்டும் இருப்பது எங்களுக்கு வசதி. ஆனால் கடனிலேயே அணி கட்டினால், மே மாதம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனபின் மைதானம் மட்டும் மிஞ்சும்.

நான்காவது, 32 வயதைத் தாண்டியவர்கள். வேகம் குறைந்திருக்கும்; நிற்கும் இடம், நிதானம், தலைமை எல்லாம் அப்படியே இருக்கும். எங்கள் பின்களத்தை நிமிர்த்தியவர் 34 வயதுக்காரர் ஒருவர். அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கொடுக்கக்கூடாது. மரியாதை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, அதே படியில் முறையான ஒப்பந்தம் இல்லாமல் ஆடுபவர்கள். இவர்களைப் பணமில்லாமல் அழைத்துக்கொள்ளலாம். நம்மிடமும் அப்படி யாராவது இருந்தால் அவர்களை முதலில் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டுவிட்டு, பிறகு அடுத்த வீட்டு வேலியைத் தாண்டவேண்டும்.

பார்த்துச் சொல்பவர்

இன்னொன்று. 36 மதிப்பெண்களும் முதலிலேயே தெரிந்துவிடாது. தெரியாத ஆளுக்கு ‘6 முதல் 11 வரை’ என்று மங்கலாகத்தான் காட்டும். ஸ்கௌட் போய்ப் பார்த்து எழுதிய பிறகே எண் தெளியும். அந்த ஸ்கௌட்டுக்கும் மதிப்பெண் உண்டு: இன்றைய திறமையைக் கணிப்பதில் எவ்வளவு, நாளைய வளர்ச்சியைக் கணிப்பதில் எவ்வளவு என்று. ஆகவே காசில்லாத கிளப் முதலில் தேடவேண்டியது ஆட்டக்காரரை அல்ல, நல்ல கண் உள்ள ஒரு ஸ்கௌட்டை.

அதற்கும் வழியில்லை என்றால் இருக்கவே இருக்கிறது டிரயல். கிளப் இல்லாதவரைச் சில வாரம் வந்து பயிற்சி செய்யச் சொல்லலாம். அதற்குள் அவரைப் பற்றி அநேகமாக எல்லாம் தெரிந்துவிடும். பிடித்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் வணக்கம்.

கிளப் இல்லாதவர்களின் பட்டியலில், பெயருக்கு எதிரே கிளப் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். ஒரு இரவு பையன் அதில் ஒரு பெயரில் நெடுநேரம் நின்றான். 22 வயது, நடுக்களம், கிளப் இல்லாமல் ஐந்து மாதம். “யாரும் பார்க்கலைப்பா. பார்த்திருந்தா எடுத்திருப்பாங்க” என்றான். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “டிரயலுக்குக் கூப்பிடு” என்றேன். கூப்பிட்டான். அவர் அந்த வருடம் எங்களுக்கு 38 ஆட்டம் ஆடினார்.

எண் சொல்லாதது

எல்லா எண்களுக்கும் அடியில், திரையில் காட்டாத இரண்டு எண்கள் உண்டு. 200-க்கு இன்று எவ்வளவு, இவர் எவ்வளவு தூரம் வளரமுடியும் என்பவை. இரண்டாவது எண் ஒரு கூரை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஆட்டக்காரர் அதைத் தாண்டமாட்டார்.

இந்தக் கூரையை யாரோ ஒரு மனிதர்தான் உட்கார்ந்து போடுகிறார். அவர் ஏமாறலாம். 2001-02 பதிப்பில் டோ மதெய்ரா என்ற போர்த்துகீசிய ஆட்டக்காரர் கோல்களாகக் குவித்தார். உலகெங்கும் ஆடியவர்கள் அவரை வாங்கினார்கள். விசாரித்தால், அப்படி ஒரு நட்சத்திரமே கிடையாது! அதே பதிப்பில் செர்னோ சம்பா என்ற இளைஞர் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவராக வளர்வார். இவர் நிஜமானவர், காம்பியாவில் பிறந்து, லண்டனில் மில்வால் கிளப்பில் வளர்ந்தவர். திரையில் வந்த அந்தப் பெருவாழ்வு நேரில் வரவில்லை. பல நாடுகளில் சிறிய கிளப்புகளுக்கு ஆடி ஓய்வுபெற்றார். மன உளைச்சலோடு போராடிய காலத்தை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

நேர்மாறான கதை ஜேமி வார்டி. உயரம் போதாது என்று 16 வயதில் ஷெஃபீல்ட் வெனஸ்டே கிளப் அவரைக் கழித்துவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறிய கிளப்புக்கு வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2012-இல் 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25. ஐந்தாம் படியில் இருந்த ஆளுக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. 2016-இல் லெஸ்டர் பிரீமியர் லீகையே ஜெயித்தது; வார்டி அந்த லீகில் 24 கோல் போட்டிருந்தார். 16 வயதில் அவர் தலைக்கு மேல் யாராவது ஒரு கூரை எண் எழுதியிருந்தால், என்ன எழுதியிருப்பார்கள்?

“ஆட்டத்துல கூரை உண்டுப்பா. வெளியில அதை எழுதறவங்க யாருன்னு தெரியல” என்றான் பையன் ஒரு நாள். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

பிறகு

2024 வசந்தத்தில் நிஜமான பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் ஆறாம் படியிலிருந்து ஏழாம் படிக்கு இறங்கியது. எங்கள் வீட்டு பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் ஐந்தாம் படிக்கு ஏறியது. என் மனைவி அன்று பாயசம் வைத்தாள், எதற்கென்று கேட்காமலே.

ஜூலை மாதம் பையனுக்குப் புனாவில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. நேர்முகத்தில் அவர்கள் தயங்கியபோது, “மூணு மாசம் வேலை செஞ்சு காட்டறேன். பிடிச்சா வெச்சுக்குங்க” என்று இவனே சொன்னானாம். ரயிலடியில் இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. வைத்துக்கொண்டார்கள்.

பழைய கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் இப்போது என் பொறுப்பில். ஐந்தாம் படியில் பதினான்காம் இடத்தில் தள்ளாடுகிறோம். ஞாயிறு இரவு போன் வந்தால், சாப்பிட்டாயா என்று அவன் அம்மா கேட்டு முடித்த பிறகு, என்னிடம் ஒரே கேள்விதான்: “லெஃப்ட் பேக் கிடைச்சானாப்பா?”

இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு பேரை டிரயலுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கதவிடுக்கில் நள்ளிரவில் வெளிச்சம் தெரிந்தால், திட்டுவதற்கு முன் ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த பொங்கல் வரிசையில் யாராவது “பையன் எங்கே?” என்று கேட்டால், இலையை நீட்டாமல் பதில் சொல்லலாம்.